திம்மப்பன் பார்த்த மேட்ச்

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் பம்புசெட்டுக்கு உதிரிப்பாகம் செய்யும் கம்பெனி ஒன்றின் பேக்கிங் பிரிவில் திம்மப்பன் வேலை பார்த்தான். வேப்பனப்பள்ளிப் பக்கம், கூலிக்குப் போன குடும்பம். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், கம்பெனியில் தமிழ். எந்த மொழியில் வாயைத் திறந்தாலும் கிரிக்கெட்தான் பேசுவான். எண்பதுகளில் கான்ட்ராக்ட் ஆளாக உள்ளே வந்தவன், கம்பெனி டீமுக்குப் பந்து வீசத் தொடங்கிய பிறகுதான் பர்மனன்ட் ஆனான். சிப்காட் கம்பெனிகளுக்குள் நடக்கிற போட்டியில் அவன் ஓடிவருவதைப் பார்த்தாலே எதிர் டீம் ஆட்கள் ஸ்டம்பை விட்டு ஒதுங்குவார்கள்.

அப்பேர்ப்பட்டவன் ஒரு பெரிய மேட்சை நேரில் பார்த்ததில்லை. பெங்களூர் என்னவோ பஸ் ஏறினால் வந்துவிடுகிற ஊர்தான். ஒரு தடவை டிக்கெட் வாங்க வரிசையில் நின்று, போலீஸ்காரனிடம் லத்தியடி வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறான். சாவதற்குள் ஒரு மேட்சையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று சம்சாரம் சாந்தம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருப்பான்.

தொண்ணூறுகளின் நடுவில் கம்பெனியை ஒரு புது வியாதி பிடித்தது. பெங்களூரில் வெளிநாட்டு அணி ஆட வந்தால், சரக்கு வாங்கும் பெரிய புள்ளிகளை மைதானத்துக்கே அழைத்துப்போய், ஏசி அறையில் உட்காரவைத்து, விருந்து போட்டு ஆர்டர் கறப்பது. அந்த அறைக்குப் பெயர் பாக்ஸ். கேன்டீன் சாம்பாரில் பருப்பைக் காணோமே என்று யூனியன் கேட்டால் நஷ்டக் கணக்கு பாடுகிற நிர்வாகம், இதற்கு மட்டும் மூச்சு விடாமல் பணத்தை இறைத்தது.

பர்சனல் ஆபீசர் பாஸ்கரன் திருநெல்வேலிக்காரர். மேலிடத்தைப் பார்த்தால் குழைவார், கீழே இருப்பவனைப் பார்த்தால் விறைப்பார். அவர் திம்மப்பனைக் கூப்பிட்டுச் சொன்னார்: “சனிக்கிழம பாக்ஸுக்கு நீயும் வா. வெள்ள டிரஸ் போட்டுட்டு வந்திரு, என்ன?”

கிரிக்கெட் ஆடுகிறவனிடம் வெள்ளை டிரஸ் என்றால் அவனுக்கு வேறு என்ன தோன்றும்? விருந்தாளிகளிடம் எங்கள் பவுலர் என்று காட்டப்போகிறார்கள் என்றே நம்பினான். கம்பெனி தைத்துக் கொடுத்த கிரிக்கெட் உடையைச் சாந்தம்மா நீலம் போட்டு வெளுத்து, மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொடுத்தாள். தெரு முழுக்கச் சொல்லியும் வைத்தாள். பேக்கிங்கில் கூட வேலை செய்யும் சுடலைமுத்து விஷயத்தைக் கேட்டு ஒரு மாதிரி சிரித்தான். வயிற்றெரிச்சல் என்று திம்மப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சனிக்கிழமை பாக்ஸ் வாசலில் பாஸ்கரன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். சொன்னபடி வந்துவிட்டாயே என்று மெச்சிக்கொண்டு, கையில் ஒரு தட்டைக் கொடுத்தார். உள்ளே ஓட்டல்காரர்கள் அனுப்பிய சர்வர்கள் வரிசையாக நின்றார்கள். அத்தனை பேரும் வெள்ளை டிரஸ். ஆள் குறைந்த இடத்தில் இவனைச் செருகியிருக்கிறார்கள். திம்மப்பனுக்கு அவமானத்தில் காது சுட்டது. என்றாலும் மைதானத்துக்குள் வந்தாகிவிட்டது, ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். பாஸ்கரன் அதிலும் மண்ணைப் போட்டார். சர்வர்கள் கண்ணாடிக்கு முதுகு காட்டி, விருந்தாளிகளின் முகத்தையே பார்த்து நிற்க வேண்டும் என்பது உத்தரவு.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே கம்பெனிக்கென்று ஒதுக்கிய நாற்காலிகள். அதற்கு அப்பால் மைதானம். அந்த மகாப்பிரபுக்கள் ஒருவராவது வெளியே போக வேண்டுமே! வெயிலாம். அறைக்குள்ளேயே டிவி வைத்திருந்தார்கள். அதே மைதானத்தில் நடக்கிற ஆட்டத்தை, எதிரே இருக்கிற கண்ணாடியை விட்டுவிட்டு ஓரத்து டிவியில் பார்த்தார்கள். அதையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. ஒருவர் ஓசூரில் நிலம் என்ன விலை என்று விசாரித்தார். ஓர் அம்மாள் இது எப்போது முடியும் என்று கேட்டுக்கொண்டே கோழிக்கால் கடித்தாள். எந்த அணி பேட் செய்கிறது என்று, பெரிய ஆர்டர் கொடுப்பார் என்று அழைத்துவந்திருந்த டெல்லிக்காரர் கேட்டதற்குப் பக்கத்திலிருந்தவர் தப்பாகச் சொன்னார். கேட்டவர் தலையாட்டினார். வெளியே ஜனங்கள் கூரை பறக்கக் கத்தும்போதெல்லாம் திம்மப்பனுக்குப் பிடரி கூசியது. டிக்கெட்டுக்கு அடிபட்டவன் முதுகைக் காட்டி நிற்க, டிக்கெட் சும்மா கிடைத்தவன் ஏப்பம் விடுகிறான் என்று உள்ளே கொதித்தான்.

கடைசி ஓவர்கள் வந்தன. எதிரணிக்கு வேண்டியது கொஞ்சம் ரன், நமக்கு வேண்டியது ஒரே விக்கெட். மைதானமே எழுந்து நின்றது. டெல்லிக்காரர் டம்ளரை நீட்டி ஐஸ் கேட்டார்.

திம்மப்பன் தட்டை மேசைமேல் வைத்தான். கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய், முன்வரிசையில் உட்கார்ந்தான். கம்பெனி நாற்காலிகள் அத்தனையும் காலி. நடுவில் கிரிக்கெட் உடையில் அவன் ஒருவன்.

பாஸ்கரன் பின்னாலேயே வந்து குனிந்து சீறினார். “எந்திரி. விருந்தாளி சீட்டுல உக்காந்துட்டு என்ன பண்ணுத?”

திம்மப்பன் தலையைத் திருப்பவில்லை. “மேட்ச் முடியட்டும் சார். எந்திரிக்கிறேன்.”

அவரைச் சட்டை செய்யாமல் ஆட்டத்தைப் பார்த்தான். பவுலர் ஓடிவந்து காலை ஊன்றும் சத்தம் அத்தனை இரைச்சலிலும் அவனுக்குக் கேட்டது. டிவியில் அது கேட்காது. ஸ்டம்பு பறந்தபோது பக்கத்தில் கட்டிப்பிடிக்க ஆள் இல்லாமல் நாற்காலிக் கையைக் கட்டிக்கொண்டான். அவ்வளவு சந்தோஷமாக அவன் அதற்கு முன் இருந்ததில்லை.

வயிறு முட்டத் தின்ற டெல்லிக்காரர் ஆர்டரை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். அங்கே விலை குறைவு, அவ்வளவுதான். ஆனால் நிர்வாகத்துக்குப் பழி போட ஒரு தலை வேண்டியிருந்தது. திம்மப்பனை விசாரணைக்கு அழைத்தார்கள். மேனேஜர் நடுவில் உட்கார்ந்திருக்க, பாஸ்கரன்தான் கேட்டார்: “விருந்தாளி ஐஸ் கேக்கும்போது நீ எங்க பாத்துட்டு இருந்த?”

“கிரவுண்டத்தான் சார் பாத்துனு இருந்தேன்.”

குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்று டைப் அடித்து அவன்முன் நீட்டினார்கள். படித்துப் பார்த்தான். பொய்யாக ஒன்றும் எழுதவில்லை. கையெழுத்துப் போட்டான்.