கை ஆடுதா, இடுப்பு ஆடுதா?

வண்டி நிற்பதற்குள் மெக்கானிக் ஸ்டெடி குனிந்துவிடுவார். ஓட்டி வந்தவர் காலை ஊன்றி, ஹெல்மெட்டைக் கழற்றி, கதையை ஆரம்பிக்கும் முன்பே அவருடைய உள்ளங்கை முன்டயரை இரண்டு பக்கமும் தடவிப் பார்த்திருக்கும். பிறகுதான் முகத்தைப் பார்ப்பார்.

"கை ஆடுதா, இடுப்பு ஆடுதா?"

தொலைதூரம் போகிற பெரிய மோட்டார் சைக்கிள்கள் மட்டுமே அந்தப் பட்டறைக்கு வரும். வேகம் எடுத்ததும் கை ஆடினால் கோளாறு பெரும்பாலும் முன்னால். இடுப்பு ஆடினால் பின்னால். மிச்சத்தைப் பின்பெட்டியைத் திறந்து கண்டுபிடிப்பார். அன்று வந்தவரின் பெட்டியிலிருந்து இஸ்திரிப் பெட்டி, மூன்று ஜோடி ஷூ, ஒரு குக்கர் என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் அடுக்கினார்.

"டூர் போறீங்களா, வீடு மாத்துறீங்களா சார்?"

"வீட்டம்மா குடுத்து விட்டது..."

"அப்ப அவங்கள வரச் சொல்லுங்க. கோளாறு வண்டியில இல்ல."

வயது அறுபதைத் தாண்டியவர். வாயில் எப்போதும் ஒரு தீக்குச்சி. நடந்து போகும்போதுகூடத் தெருமுனை வந்தால் உடம்பை ஒரு பக்கம் சாய்த்துத்தான் திரும்புவார். காற்றழுத்தம் பார்க்கும் மீட்டரை யாரும் தொடக் கூடாது. தொட்டால் அன்று முழுக்கப் பேச்சு கிடையாது.

ஸ்டூலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அவர்மேல் பொறாமை. அவளுடைய அப்பா மாரடைப்பில் போய்ச் சில மாதங்கள்தான் ஆகின்றன. அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் இந்தப் பட்டறையில்தான் கழிந்தன. "உங்கப்பன் விசில் அடிச்சா தெருவே திரும்பிப் பாக்கும்" என்று ஸ்டெடி ஒருநாள் சொன்னார். வீட்டில் அப்பா விசில் அடித்து அவள் கேட்டதே இல்லை.

அப்பாவின் வண்டி அவளுக்கு வந்தது. வேகம் எடுத்தால் கை ஆடியது. முதல் தடவை ஸ்டெடி டயரை மாற்றினார். அடுத்த தடவை ஹேண்டில் பேரிங்கை மாற்றினார். ஆட்டம் போகவில்லை.

"இன்னும் ஆடுதா? பேசாம என்கிட்ட விட்டுடு பாப்பா. நானே எடுத்துக்கறேன். உனக்கு இது ஒத்து வராது."

அவள் பம்பு தொழிற்சாலையில் அதிர்வு பார்க்கிற இன்ஜினியர். குக்கர்க்காரர் கிளம்பிப் போனதும் எழுந்தாள்.

"மாமா, நான் வண்டியில ஏறி உக்காருறேன். பின்னாடி எவ்வளவு எறங்குதுன்னு பாருங்க."

"எல்லாம் பாத்தாச்சு."

"பாக்கல. வர்றவங்க எல்லாரையும் ஏத்தி உக்கார வெச்சுப் பாக்குறீங்க. என்னை மட்டும் ஒரு தடவைகூட ஏறச் சொல்லல."

ஏறி உட்கார்ந்தாள். பின்பக்கம் மயிரிழைகூட இறங்கவில்லை. அப்பா ஆஜானுபாகு, பெட்டிகளும் நிறைந்திருக்கும். பின் ஸ்பிரிங் அந்த எடைக்கு இறுக்கப்பட்டிருந்தது. இவள் உட்கார்ந்தால் வால் தூக்கியபடி நிற்கும், மூக்கு குத்தும், ஹேண்டில் நிலைகொள்ளாது. ஸ்டெடிக்குத் தெரியாததா?

"ஆடிட்டே இருந்தா உங்களுக்கே குடுத்துடுவேன்னு பாத்தீங்க."

ஸ்டெடி தீக்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "ஆமா."

"நான் விழுந்திருந்தா?"

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அது உங்கப்பன் உக்கார்ற உயரம். நான் வெச்சு விட்டது. கலைக்கக் கை வரல" என்றார். பிறகு, "உனக்கு எப்பத் தெரியும்?"

"போன தடவையே."

"ஸ்பேனர் உன் சீட்டுக்கு அடியிலயே கெடக்கு. ஸ்பிரிங் வளையத்த நீயே ஏன் திருப்பல?"

அவள் தெருவைப் பார்த்தாள். "ஞாயித்துக்கெழம பூரா நீங்க வெச்சுக்கிட்டீங்க மாமா. வண்டியாவது அப்பா ஓட்டுன மாதிரியே எனக்கு இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"கிழிச்சேன்! ஞாயித்துக்கெழம பூரா உன் புராணந்தான். எம்பொண்ணு பரீட்சை, எம்பொண்ணு வேலை, எம்பொண்ணு பம்பு. என் கை என்ன பண்ணுதுன்னுகூடப் பாக்க மாட்டான். பத்திக்கிட்டு வரும் எனக்கு."

அவள் வண்டியை விட்டு இறங்கினாள். அவர் கொக்கி ஸ்பேனரை எடுத்து வண்டியருகில் மண்டியிட்டார். ஸ்பிரிங்கை இறுக்கும் வளையத்திலிருந்து அதன் பக்கத்து இரும்புவரை ஒரு வெள்ளைப் பெயின்ட் கோடு. அப்பாவுக்காகக் கடைசியாக வைத்தபோது ஸ்டெடியே போட்ட அடையாளம். மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினார். வளையம் டக்கென்று நகர்ந்தது. கோடு இரண்டாகப் பிரிந்தது.

"ஏறு." பார்த்தார். இன்னும் கொஞ்சம் தளர்த்தினார். "ம். இப்ப எறங்குது. போயிட்டு வா. பிடியை இறுக்காத."

நெடுஞ்சாலை வரை போய்த் திரும்பி வந்தாள். ஸ்டெடி வாசலிலேயே நின்றிருந்தார்.

"ஆடல மாமா."

அவர் பழைய துணி ஒன்றை எடுத்து, குந்தி உட்கார்ந்து, செயினைத் துடைத்தார். ஸ்பிரிங்கைச் சுருள் சுருளாகத் துடைத்தார். வளையத்துக்கு வந்ததும் துணியை விரல் நுனியில் சுற்றிக்கொண்டு, பிரிந்து கிடந்த அந்த இரண்டு வெள்ளைத் துண்டுகளின் மேலும் படாமல், அவற்றைச் சுற்றி மட்டும் துடைத்தார்.