புளியங்குடியில் விட்ட கார்

தென்காசியில் குடியிருந்தபோது என்னிடம் வெள்ளைக்காரன் காலத்துக் கார் ஒன்று இருந்தது. குற்றாலச் சாரலில் நனைந்து நனைந்து, கதவடியும் மட்கார்டும் துருப்பிடித்துப் பொத்தலாகிவிட்டன. பாடி வேலைக்குத் திருநெல்வேலிப் பட்டறையில் கேட்ட கூலிக்கு இன்னொரு காரே வாங்கிவிடலாம். கொள்ளைக்காரப் பயல்கள் என்று திட்டிக்கொண்டே திரும்பினேன்.

புளியங்குடியில் ஒரு பட்டறையில் கூலி பாதிகூட இல்லை என்றார்கள். காரை அங்கே கொண்டுபோய், "துருவெல்லாம் எடுத்துட்டு, இன்னும் பத்து வருசம் உழைக்கிற மாதிரி பண்ணிக் குடும்" என்றேன். பட்டறைக்காரர் மறுபேச்சு பேசவில்லை. நமக்கேற்ற ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

சொன்ன நாளில் போய் நின்றேன். காரின் முன்பாதி மட்டும் இருந்தது. முன்சீட்டுக்குப் பின்னால் கூரையும் இல்லை, கதவும் இல்லை. லாரியில் இருப்பது மாதிரி, பச்சை பெயிண்ட் அடித்த பலகைத் தொட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது.

"என்னவே இது?" என்று கத்தினேன்.

அவர் என்னைவிட அதிகமாகத் திகைத்தார். "சந்தைக்கு எலுமிச்சங்கா ஏத்தத்தானே அண்ணாச்சி? பழைய காரை இங்கன கொண்டு வாறவுக எல்லாரும் அதுக்குத்தானே கொண்டு வருதாக!"

"எம் பொண்டாட்டி பிள்ளையெல்லாம் எங்கவே உக்காரும்?"

கேட்டபடியே தொட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் குந்தப் போனேன். அவர் பதறிப்போய், "மொதல்ல நீங்க உக்காருங்க அண்ணாச்சி" என்று சுவரோரம் கைகாட்டினார். அங்கே செங்கல் மேல் ஏற்றி வைத்திருந்தது என் காரின் பின்சீட். அதில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்த எலுமிச்சை வியாபாரி ஒருவர், எனக்கு இடம்விட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.