பர்மா அடங்கும் என்று காத்திருந்தவர்கள்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கடைக் கதவைப் பாதி சாத்திய பிறகு என் கணவர் உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுப்பார். நான் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வருவேன். மிளகு மூட்டைகளுக்கு இடையில் போட்ட வாங்குப் பலகையில் நானா உட்கார்ந்திருப்பார். தெருவின் எதிர்வரிசையில் சாதிக்காயும் கராம்பும் வாங்கி விற்கும் முஸ்லிம் வியாபாரி அவர். பல தலைமுறையாக மாத்தளையிலேயே இருக்கிற குடும்பம். என் கணவரைவிட மூத்தவர். ஊரே நானா என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். இருவருக்கும் நடுவில் பேப்பர் விரிந்து கிடக்கும்.

"ரங்கூன்ல இருந்து மேல வரைக்கும் ரயில் ஓடுதுன்னு போட்டிருக்கான்," என்பார் என் கணவர் என்னைப் பார்த்து. "அப்படின்னா அடங்குது தானே? நீ என்ன சொல்ற?"

அடங்க வேண்டிய நாடு பர்மா. எங்கள் இலங்கைக்குச் சுதந்திரம் வந்த அதே காலத்தில்தான் அங்கேயும் வந்தது. வந்த வேகத்திலேயே உள்நாட்டுச் சண்டையும் தொடங்கிவிட்டது. அந்தச் சண்டை நடக்கிற பக்கத்தில், ஐராவதி ஆற்றின் கரையில், என் கணவருக்கும் நானாவுக்கும் பாதிப் பாதியாக ஒரு அரிசி மில் இருந்தது. இரண்டு பேரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை.

நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் என்னைக் கூப்பிடுவார்கள்.

நான் பிறந்ததே அந்த ஊரில்தான். அப்பா அங்கே வேறொரு மில்லில் கணக்கப்பிள்ளை. ஜப்பான்காரன் குண்டு போடத் தொடங்கியபோது, நடந்தே இந்தியாவுக்குப் போன கூட்டத்தோடு அம்மாவையும் என்னையும் சேர்த்துவிட்டார். அவர் வரவில்லை. மில் முதலாளி அதற்கு முன்பே கப்பலேறிவிட்டார். போகும்போது, இரண்டு மாதத்தில் எல்லாம் அடங்கிவிடும், அதுவரை நெல்லைப் பார்த்துக்கொள் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார். அப்பாவும் அதை நம்பினார். "பின்னாலேயே வந்துடறேன்" என்று எங்களிடம் சொன்னார். காட்டையும் மலையையும் கடந்து இந்தியாவில் எங்கள் பூர்வீக ஊர் வந்து சேர்ந்த கொஞ்ச நாளில் அம்மா காய்ச்சலில் போய்விட்டார். மாமா என்னை மாத்தளைக்குக் கட்டிக்கொடுத்தார். அப்பாவைப் பற்றி ஒரு சேதியும் இல்லை.

கல்யாணமாகி வந்த புதிதில் என் கணவர் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் பர்மாவைப் பற்றிக் கேட்பார். அதுவரைக்கும் யாருமே என்னிடம் அந்த ஊரைப் பற்றி விசாரித்ததில்லை. நடந்து வந்த வழியைப் பற்றித்தான் கேட்பார்கள், அதுவும் பாவப்பட்டு. இவர் ஊரைக் கேட்டார். அறுவடைக் காலத்தில் நெல்படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்பதையும், ஒரு கரையிலிருந்து படகுகள் மேலேயே நடந்து மறுகரைக்குப் போகலாம் என்று பிள்ளைகள் பந்தயம் கட்டுவதையும், உமிச் சாம்பல் எங்கள் துணியெல்லாம் படிவதையும் நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். சந்தோஷமான நாட்கள் அவை.

கொழும்பில் ஒரு செட்டியார் தன் பர்மா சொத்துகளை வந்த விலைக்குத் தள்ளுகிறார் என்று ஒரு தரகர் சேதி கொண்டுவந்தபோது, அதில் என் ஊரின் பெயரைக் கேட்டதும் என் கணவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நானாவைப் பார்க்கப் போனார். வயல்களைத்தான் அரசாங்கம் எடுக்கிறது, மில்லைத் தொடமாட்டார்கள் என்று தரகர் சொன்னார். "சண்டை நடக்கிறப்ப வாங்கினாத்தான் விலை. அடங்கின பிறகு நம்மளால கிட்டவே போக முடியாது," என்றார் என் கணவர். நானா தாடியைத் தடவிக்கொண்டே, "இன்னும் ரெண்டு வருஷம் தாங்குமா அந்தச் சண்டை? தாங்காது," என்றார். உறுதிப் பத்திரம் எழுதியாகிவிட்டது.

அதன்பிறகு எங்கள் வீட்டில் எல்லாமே பர்மாவின் குறிகளாகிவிட்டன. பேப்பரில் ஒரு மந்திரி ரங்கூனுக்குப் போனால் அது நல்ல குறி. பாலம் உடைந்தால் கெட்ட குறி. கூப்பன் அரிசியைக்கூட விட்டுவைக்கவில்லை. அந்தக் காலத்தில் பங்கீட்டுக் கடைக்குப் பர்மா அரிசி வரும். பையை நான் இறக்கி வைத்ததும் அவர் ஒரு கை அள்ளி மூக்கருகே கொண்டுபோவார். பிறகு என்னிடம் நீட்டுவார்.

"இது உங்க பக்கத்து அரிசியா பாரு. புது அரிசியா, பழசா?"

நொறுங்கிய அரிசி. மூட்டையில் கிடந்து மட்கிய வாசம். அதில் என் ஊரை நான் எங்கே தேடுவது? "பழசு மாதிரி இருக்கு," என்பேன். அவர் முகம் வாடும். சீனாக்காரனுக்கு ரப்பரைக் கொடுத்து அரிசி வாங்க அரசாங்கம் ஒப்பந்தம் செய்தபோது எல்லாருக்கும் அரிசி கிடைத்ததே என்று நிம்மதி. எங்கள் கடையில் மட்டும் இழவு விழுந்த மாதிரி இருந்தது. பர்மாவை நம்ப முடியாமல்தானே சீனாவுக்குப் போகிறார்கள் என்று இவர் ஒரு வாரம் புலம்பினார்.

ஆரம்பத்தில் நானும் அவர்களோடு சேர்ந்துதான் காத்திருந்தேன். அவர்களுக்கு மில், எனக்கு அப்பா. நாடு அடங்கினால் தபால் ஒழுங்காகப் போகும், கப்பல் வரும், அப்பா எங்கேயிருந்தாவது வந்துவிடுவார் என்று நினைத்தேன். வருஷங்கள் போன பிறகும் நான் நினைப்பதை நிறுத்தவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தாலே உடம்பு சோர்ந்துபோகும். ஒரே கேள்வி. ஒரே பதில். பால் விடாத பிளேன்டி குடித்த கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வேன்.

ஒரு முறை நானா நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டு வருவது என்று முடிவாயிற்று. சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த சமயம். புறப்படுவதற்கு முதல் நாள் நானே அவர் வீட்டுக்குப் போனேன். அப்பாவின் பெயரையும் அவர் வேலை பார்த்த மில்லின் பெயரையும் சொன்னேன். வாய்க்காலுக்குப் பக்கத்தில் வெள்ளைப் பகோடா, அதற்குப் பின்னால் மூன்றாவது மரவீடு. "யாரைக் கேட்டாலும் காட்டுவாங்க நானா."

"நான் கேக்காம வருவேனா தங்கச்சி?" என்றார்.

திரும்பி வர மாதக்கணக்கில் ஆயிற்று. ரங்கூனில் அனுமதிக்கும் ஆற்று லாஞ்சுக்கும் காத்துக் கிடந்ததே அதில் பெரும்பகுதி. வந்த அன்றே நேராக எங்கள் கடைக்கு வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். என் கணவர் அவரை வாங்கில் உட்காரவைத்து, ஒன்றையும் விடாமல் கேட்டார். நான் நிலைக்கதவில் சாய்ந்து நின்றேன். நானா கூரையைப் பற்றிச் சொன்னார். தகரத்தில் பாதியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். எஞ்சின் இருக்கிறது, பெல்ட் இல்லை. முற்றத்தில் சிப்பாய்மார் உடுப்புக் காய்கிறது. பகலில் அரசாங்கம் வரி கேட்கிறது, இருட்டினால் காட்டுக்காரர்கள் வந்து வேறு வரி கேட்கிறார்கள். புகைக்கூண்டு மட்டும் நேராக நிற்கிறது. புகைக்கூண்டு நிற்கிறது என்றதும் என் கணவருக்கு உயிர் வந்தது. அதன் உயரம், செங்கலின் தரம் என்று தோண்டித் தோண்டிக் கேட்டார்.

நான் காத்துக்கொண்டு நின்றேன். மில் முடியட்டும், பிறகு அப்பா வருவார் என்று நினைத்தேன். முடிந்தது. நானா கோப்பையை எடுத்து மிச்சத் தேத்தண்ணியைக் குடித்தார்.

"அப்பாவைப் பத்தி ஏதாச்சும்…" என்றேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, லாஞ்சு ஊர்ல ஒரு மணித்தியாலம்தான் நிண்டிச்சு. எறங்கினதும் மில்லுப் பக்கம் ஓடினேன். அளவெல்லாம் பார்த்து முடியக்குள்ள சீட்டி அடிச்சிட்டான். ஆத்துல பாதி தூரம் வந்த பொறகுதான்…" அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஞாபகம் வந்திச்சு."

என் கணவர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "அதுக்கென்ன, அடுத்த தடவை போறப்ப விசாரிச்சுக்கலாம்," என்றார். கெட்ட மனிதர் இல்லை அவர். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஆனால் அன்றைக்கு அவருக்குப் புகைக்கூண்டு நின்றது போதுமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு என் கணவர் கூப்பிட்டபோது நான் போனேன். ரேடியோவில் ஏதோ தேர்தல் பற்றிச் சொன்னார்களாம். "உன் மனசுக்கு என்ன படுது? எப்ப அடங்கும்?"

"எனக்குத் தெரியாதுங்க," என்றேன். "நான் அந்த ஊர்ல பொறந்தேன். அவ்வளவுதான். அந்த ஊரை நான் நடத்தல."

அவர் திகைத்துப்போனார். நானா எழுந்து செருப்பை மாட்டினார். அதற்குப் பிறகு என்னை அவர்கள் கூப்பிடவில்லை. அவர்களே பேசிக்கொண்டார்கள், அந்தப் பேச்சும் நாளடைவில் மெலிந்தது.

சில வருஷம் கழித்து ஒரு நாள் காலை, நானா பின்கட்டு வழியாக வந்தார். அப்படி அவர் வந்ததே கிடையாது. குசினி வாசலுக்கு வெளியே நின்று, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நான் முக்காலியைப் போட்டும் உட்காரவில்லை. பர்மாவிலிருந்து திரும்பி வந்து கொழும்பில் புடவைக்கடை வைத்திருந்த ஒரு குடும்பத்தை அவர் கண்டுபிடித்திருக்கிறார். அதற்கு முன்னால் எத்தனையோ பேரை, துறைமுகத்திலும் பள்ளிவாசலிலும் கடைகளிலும், விசாரித்திருக்கிறார். சரக்கு வாங்கப் போகிற ஒவ்வொரு தடவையும். இதை என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

"அவங்கட மூத்தவருக்கு உங்கட வாப்பாவ நல்லாத் தெரியும்," என்றார். "நீங்க நடந்து வந்த அந்த வருஷமே, மழைக்காலத்துல, பேதி வந்திருக்கு. பள்ளிக்கூடத்துல கொண்டுபோய்ப் படுக்க வச்சிருக்காங்க. ரெண்டு நாள்தான். வாய்க்கா ஓரத்துல தமிழ் ஆக்கள்தான் அடக்கம் பண்ணினாங்களாம். அவரும் கூடப் போய் மண் போட்டேன்னு சென்னாரு."

நான் அடுப்பைப் பார்த்தேன். பருப்பு பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அதை இறக்கி வைத்தேன். நான் காத்திருந்த காலம் முழுதும் அப்பா மண்ணுக்குள் இருந்திருக்கிறார். பர்மா அடங்கினாலும் அடங்காவிட்டாலும் எனக்கு அங்கே வரவேண்டியது ஒன்றுமில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. அழுகை உடனே வரவில்லை. களைப்புத்தான் வந்தது, நீண்ட தூரம் சுமந்த மூட்டையை இறக்கினால் தோள் வலிக்குமே, அப்படி.

சாவுச் சேதி எத்தனை வருஷம் கழித்துக் கேட்டாலும் தலை முழுக வேண்டும். கிணற்றடிக்குப் போய்ச் சேலையோடு வாளி வாளியாக ஊற்றிக்கொண்டேன். அப்போது அழுதேன். ஈரத்தோடு திரும்பி வந்தபோது நானா அங்கேயே நின்றிருந்தார். என் கணவர் கடையை மூடிவிட்டு வந்து அவர் பக்கத்தில் நின்றார். அன்றைக்கு அவர் மில்லைப் பற்றி வாய் திறக்கவில்லை. அதற்காக அவர்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

பிறகு பர்மாவில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்தது. "இனி அடங்கிடும்," என்றார் என் கணவர், நெடுநாளைக்குப் பிறகு குரலை உயர்த்தி. அவர் சொன்னது ஒரு விதத்தில் சரி. பட்டாளம் ஊர்களை அடக்கியது, கடைகளையும் பாங்குகளையும் மில்களையும் எடுத்துக்கொண்டது. அங்கே மிச்சமிருந்த நம் ஆட்கள் உடுத்த துணியோடு கப்பலேறினார்கள். எங்கள் மில் அரசாங்கத்துடையதாகிவிட்டது என்பதை நாங்கள் பேப்பரில்தான் படித்தோம்.

நானா உறுதிப் பத்திரத்தைக் கொண்டுவந்து என் கணவர் கையில் கொடுத்தார். "தம்பி, என்ட பங்க விட்டுட்டேன். புள்ளைகளுக்கும் இப்படியொண்டு இருந்ததச் செல்லவே மாட்டேன்."

இவரால் விட முடியவில்லை. நட்டஈடு தருவார்கள் என்று யாரோ சொன்னார்கள். எப்போது தருவார்கள் என்பது புதுக் கேள்வியாயிற்று. நெஞ்சு வலியில் படுத்த பிறகும் ரேடியோவைக் கட்டில் பக்கத்தில் வைக்கச் சொன்னார். பர்மா என்ற சொல் வந்தால் கண்ணைத் திறப்பார். நான் அவர் நெஞ்சில் தைலம் தடவிக்கொண்டே, "ஒண்ணுமில்லைங்க, தூங்குங்க," என்பேன். அப்படித்தான் போனார்.

கடையை நான் பார்த்துக்கொண்டேன். மிளகும் ஏலமும் எனக்கும் பழகிவிட்டிருந்தன. நானா தள்ளாடித் தள்ளாடி எதிரேயிருந்து வந்து சற்று உட்கார்ந்துவிட்டுப் போவார். மூட்டு வலியையும் மழையையும் பற்றிப் பேசுவோம்.

பிறகு எங்கள் நாட்டிலேயே அது நடந்தது. ஒரு ஏப்ரலில் அரசாங்கத்தைக் கவிழ்க்க என்று சிங்களப் பையன்கள் துவக்கைத் தூக்கிப் பொலிசைச் சுட்டார்கள். பட்டாளம் வந்தது. தெருவில் ஜீப், வேலி ஓரங்களில் பார்க்கக் கூடாதவை. எல்கடுவ தோட்டத்திலிருந்து ஏலம் கொண்டுவருகிறவர்கள் வருவதில்லை. பகலிலும் கதவைப் பாதிதான் திறந்தோம்.

அது சற்று ஓய்ந்த சமயம் கொழும்பிலிருந்து ஒரு காரில் ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, மரியாதையான பேச்சு. மலைப்பக்கத்தில் தோட்டக் காணிகள் மலிவாக வரும் என்று கேள்விப்பட்டாராம். விற்க நினைக்கிறவர்கள் யாராவது தெரியுமா என்று விசாரித்தார். நானாவும் அப்போது வாங்கில் இருந்தார். அவருக்கும் எனக்கும் பிளேன்டி வந்தது, வந்தவருக்கும் ஒன்று கொடுத்தேன்.

"நீங்க இங்கேயே இருக்கிறவங்க," என்றார் அவர் என்னைப் பார்த்து. "உங்க மனசுக்கு எப்படிப் படுது? இந்தப் பக்கம் எப்ப அடங்கும்?"

நானா கோப்பையை வாயருகே வைத்தபடி அப்படியே இருந்தார். எனக்குக் கோபம் வரவில்லை. அந்த மனிதரின் முகத்தில் கெடுதி ஒன்றும் இல்லை. வீட்டில் மனைவி பிள்ளைகள் இருப்பார்கள், அவரும் எதையோ நம்பித்தான் அவ்வளவு தூரம் காரோட்டி வந்திருக்கிறார்.

"தெரியாதுங்க," என்றேன். "டீயைக் குடிச்சிட்டு வெளிச்சத்தோட கிளம்புங்க. கர்பியூ போட்டா ரோட்டுல நிப்பாட்டி இறக்கிடுவாங்க."

அவர் வாசலுக்கு வெளியே வெயிலைப் பார்த்தார். பிறகு அவசரமாகக் குடித்துவிட்டு எழுந்தார்.