கையெழுத்திட மறுத்த தூதர்

தண்ணீர் எது, வானம் எது என்று பிரிக்க முடியாத ஒரு பனிப்புகார்ப் பிற்பகல். கோப்பன்ஹேகனுக்கு வடக்கே கடற்கரைச் சாலையில் காரை நிறுத்தச் சொல்லிவிட்டு, தூதர் அம்மையார் நீண்ட கம்பளி மேலங்கியோடு மணலில் இறங்கி நின்றார். தூரத்தில் எண்ணெய்க் கப்பல் ஒன்று சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அதன் அடிப்பாகத்தைப் புகார் விழுங்கியிருந்ததால் கப்பல் வானத்தில் ஊர்வது போலத்தான் தெரிந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“எங்கள் எண்ணெயும் இப்படித்தான் போகிறது,” என்றார் ஆங்கிலத்தில். “நடுக்கடலிலேயே ஏற்றிவிடுவார்கள். எங்கள் மீனவர்களைத் தவிர வேறு யாரும் அதைப் பார்த்ததில்லை.”

அது எண்பதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, தங்கும் அனுமதி கிடைத்து, மனைவியோடு கோப்பன்ஹேகனின் புறநகரான அல்பர்ட்ஸ்லுண்டில் குடியேறியிருந்தேன். ஊரில் லொறி ஓடிய பழக்கமும் பாடசாலை ஆங்கிலமும்தான் கைமுதல். அவை எனக்கு ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஒரு சிறிய நாட்டின் தூதரகத்தில் சாரதி வேலையைத் தேடித் தந்தன. தூதரகம் என்பது ஒரு பழைய வீட்டின் மேல்மாடி. அம்மையார் ஐம்பதைத் தாண்டியவர். காரில் ஏறியதும் சப்பாத்துகளைக் கழற்றிவிட்டுத் தன் மொழியில் ஏதாவது முணுமுணுக்கத் தொடங்குவார். அந்த ராகத்தோடு கோப்பன்ஹேகனின் ஈரத் தெருக்களில் கார் ஓட்டிய நாட்கள் இப்போதும் எனக்கு அரைத்தூக்கத்தில் கண்டவை போலவே இருக்கின்றன.

அந்த நாட்டின் கடலில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி எண்ணெய் எடுத்துவந்தது. நாட்டுக்கு அது கொடுத்த பங்கு, அங்கே எண்ணெய் இருக்கிறதா என்றே உறுதியாகத் தெரியாத காலத்தில் பேசி முடித்த மிகச் சிறிய பங்கு. புதிதாக வந்த அரசு அதைக் கூட்டிக் கேட்டது. பதிலைக் கம்பெனி சொல்லவில்லை. கம்பெனியின் தாய்நாடு சொன்னது. அது பெரிய நாடு. இரு தரப்புக்கும் பொதுவான இடமாகக் கோப்பன்ஹேகனில் பேசலாம் என்று முடிவானபோது, தன் நாட்டின் பக்கம் உட்காரும் பொறுப்பு அம்மையாருக்கு வந்தது.

அழுத்தம் கொடுப்பது என்றால் மேசையில் குத்திக் கத்துவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நான் கண்டது பூங்கொத்துகளையும் மதிய விருந்துகளையும்தான். அன்று கடற்கரையில் நின்றதும் பெரிய நாட்டின் தூதர் வீட்டில் அப்படியொரு விருந்து முடிந்து திரும்பும் வழியில்தான்.

“இரண்டாவது தடவை கோப்பி ஊற்றித் தந்துவிட்டுத்தான் சொன்னார்கள்,” என்றார். “பழைய பங்குக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் எங்கள் ஆஸ்பத்திரிகளுக்கு வரும் மருந்து உதவி நின்றுவிடுமாம். மிகவும் வருத்தத்தோடு சொன்னார்கள்.”

“நீங்கள் என்ன சொன்னீர்கள், மேடம்?”

“கோப்பி நன்றாக இருக்கிறது என்றேன்.”

சிரித்தார். பிறகு, தன் தங்கை அந்த ஆஸ்பத்திரிகளில் ஒன்றில் தாதி என்றும், மருந்து நின்றால் முதலில் தன்னைத் திட்டப்போவது அவள்தான் என்றும் சொன்னார். திரும்பும் வழியெல்லாம் முணுமுணுப்பு இல்லை.

சில கிழமைகளில் தலைநகர் பணிந்துவிட்டது. பழைய பங்குக்கே கையெழுத்திடும்படி அமைச்சர் தொலைபேசியில் உத்தரவிட்டார். அம்மையார் தன்னால் முடியாது என்றார். அமைச்சரே விமானத்தில் வந்து இறங்கினார். அவரையும் நான்தான் கூட்டிப்போனேன். வழி நெடுகத் தூங்கினார். இறங்கிப் போய்க் கையெழுத்திட்டார். அம்மையாரை நாட்டுக்குத் திரும்பச் சொன்னார்கள். திரும்பினால் சிறைதான் என்று யாரோ இரகசியமாகச் சொல்லியனுப்பினார்கள். அவர் போகவில்லை. கடவுச்சீட்டு செல்லாததாயிற்று. ஒரு மாலை இரண்டு பெட்டிகளோடு எங்கள் கதவடியில் வந்து நின்றார்.

எனக்கு அந்தரமாகிவிட்டது. ஒரு தூதரை எங்கே இருத்துவது? மனைவியைக் குசினிக்குள் அழைத்து மெதுவாகச் சொன்னேன்: “அவ ஒரு நாட்டின்ரை தூதரப்பா. எங்கட சோபாவிலை எப்பிடிப் படுக்க விடுறது?”

“தூதரா இருக்கட்டும், ராணியா இருக்கட்டும், அவவுக்குக் கால் குளிருது,” என்றாள் மனைவி. “உங்கட தடிச்ச சொக்ஸைக் கொண்டுவாங்கோ.”

அந்தக் குளிர்காலம் முழுவதும் எங்களோடு இருந்தார். அவருக்கும் மனைவிக்கும் பொதுமொழி இல்லை. ஆனாலும் யன்னலில் மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்துவிட்டு இருவரும் மணிக்கணக்காகக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். அவரவர் மொழியில்தான். என்ன விளங்கிக்கொண்டார்கள் என்று எனக்கு இன்றும் தெரியாது. அவரும் அகதியாகத் தஞ்சம் கேட்டிருந்தார். நாங்கள் கடந்துவந்த அதே பொலிஸ் விசாரணை, அதே காத்திருப்பு. வசந்தத்தில் அனுமதி கிடைத்து ஸ்கீவ என்ற சிறு நகரத்துக்கு அவரை அனுப்பினார்கள். அங்கே முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை பார்த்தார்.

வருடா வருடம் கோடையில் போய்ப் பார்ப்போம். ஃபியோர்ட் என்ற கடற்கழியின் ஓரமாக மூவரும் நடப்போம். மருந்து வந்ததா என்று ஒருமுறை கேட்டேன்.

“வந்தது. தங்கை எழுதியிருந்தாள். அது நல்லதுதானே?” என்றார். சற்றுத் தூரம் நடந்த பிறகு, “நான் செய்ததும் சரிதான். இரண்டும் ஒன்றாகவே மனதில் கிடக்கின்றன,” என்றார்.

மிகப் பின்னால், ஆட்சிகள் பல மாறியபின், அந்த நாடு தன் பங்கைக் கூட்டி வாங்கிக்கொண்டது. வானொலியில் அதைக் கேட்ட நாளில் எங்களுக்குத் தொலைபேசி எடுத்தார். செய்தியைச் சொல்லிவிட்டு, பழைய ராகத்தில் கொஞ்சம் முணுமுணுத்தார்.

சென்ற இலையுதிர்காலத்தில் அவர் இறந்துபோனார். ஸ்கீவ மயானத்தில் மெல்லிய மழை. முதியோர் இல்லத்தில் கூட வேலைசெய்த டேனிஷ் பெண்கள் வந்திருந்தார்கள். அவருடைய நாட்டின் தூதரகத்திலிருந்து ஓர் இளைஞர் மலர்வளையத்தோடு வந்திருந்தார். அம்மையார் எப்போதோ இங்கே தூதராக இருந்தவர் என்பதற்கு மேல் எதுவும் அந்த இளைஞருக்குத் தெரிந்திருக்கவில்லை. நீங்கள் அவருக்கு யார் என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

சாரதி என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி என் கையைப் பிடித்தாள்.

“எங்கட ஆள் எண்டு சொல்லுங்கோ,” என்றாள்.

சொன்னேன். இளைஞருக்கு விளங்கவில்லை. எங்கள் நாட்டுப் பெண் எப்படி உங்கள் ஆளானார் என்று கேட்டார். ஹீற்றரைப் போட்டுக் காரில் மூவரும் அமர்ந்தோம். கண்ணாடிகளில் புகார் படர்ந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. அந்த இளைஞருடைய நாட்டின் கதையை அவருக்கு முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.