சிங்கப்பூருக்கு நாலு மணி நேரம்

அத்திவரதர் போன தடவைக்கு முந்தின தடவை குளத்தைவிட்டு வெளியே வந்த வருஷம், எங்கள் அம்மா செத்துப்போனாள்.

சிங்கப்பூரிலிருந்த தம்பி, "பிளேன்ல வர மூணு நாள் ஆவும்ணே, அம்மாவ எடுத்துடுங்க" என்று போனில் அழுதான். அம்மாவுக்குக் கடைசிப் பிள்ளை வைக்க வேண்டிய கொள்ளியை மூத்தவன் நான் வைத்தேன்.

இன்று ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில், பக்கத்து சீட்டுப் பெண் நாளைக்குச் சிங்கப்பூர் போவதாகச் சொன்னாள்.

"மூணு நாளைக்கும் சோறு கட்டிக்கினியாமா?"

சிரித்துவிட்டாள். போனைப் பார்த்து, "மூவாயிரம் கிலோமீட்டர்தான் தாத்தா. நாலு மணி நேரம்."

"அந்தக் காலத்துல?"

"அப்பவும் கிட்டத்தட்ட அவ்ளோதான்."

இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

போன் போட்டுக் கேட்டுவிடட்டுமா, விட்டுவிடட்டுமா? நீங்களே சொல்லுங்கப்பா. அம்மாவின் முகம் தெரிந்தவர்களில் என்னைத் தவிர இன்னும் உயிரோடு இருப்பது அந்தத் தம்பி மாசிலாமணி ஒருவன்தான்.