மூடியிருந்த பேராலயம்

அந்த ஊரின் பெயரை எழுத இப்போதும் கை கூசுகிறது. இங்கிலாந்தில் பழைய பேராலயம் ஒன்று இருக்கிற சின்ன ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றி ஒன்பது வருடம் வாய் கூசாமல் கதை அளந்தவள் நான்.

பர்மாவில், யாங்கோன் நகரத்துத் தாமுவே பகுதியில் எங்கள் வீட்டு முன்னறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். வெளிநாடு போகத் துடிக்கிற பிள்ளைகள்தான் வருவார்கள். முதல் நாளே ஒருத்தன் கேட்டான், “சயாமா இங்கிலாந்து போயிருக்கீங்களா?” சயாமா என்றால் பர்மிய மொழியில் டீச்சர். இங்கே தமிழ்ப் பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிடும். இரண்டு தெரு தள்ளி இன்னொரு டியூஷன் இருந்தது. அங்கே சொல்லித்தருகிறவர், தான் சிங்கப்பூரில் படித்ததைப் பலகையிலேயே எழுதி மாட்டியிருந்தார். நானோ மாண்டலேயைத் தாண்டியதில்லை. போயிருக்கிறேன் என்றேன். வாய் தவறி வந்துவிட்டது என்று தப்பிக்கப் பார்க்க மாட்டேன், யோசித்துத்தான் சொன்னேன்.

லண்டன் என்றால் எவனாவது குறுக்குக் கேள்வி கேட்டு மடக்கிவிடுவான். அதனால் சின்ன ஊராகப் பார்த்துப் பிடித்தேன். நகர மத்தியில் கியாக்டடா நடைபாதைக் கடையில் வாங்கிய பழைய பாடப்புத்தகம் ஒன்றில் அந்த ஊர் இருந்தது. கோட்டை மதில்மேல் நடக்கலாம், ஆற்றில் அன்னங்கள் மிதக்கும், கல் பாவிய தெருவின் கடைசியில் பேராலயம் நிற்கும் என்று படங்களோடு போட்டிருந்தார்கள். வெளியே இருப்பதையெல்லாம் பார்த்ததாகச் சொல்லிவிடலாம். பேராலயத்துக்குள்ளே என்ன இருந்தது என்று கேட்டால்தான் சிக்கல், பாடத்தில் அதற்கு இரண்டே வரிதான் இருந்தது.

அந்தப் பாடத்தில் இருந்த ஊர் வரைபடத்தில் பேராலயத்தின் பக்கத்தில் ‘கதீட்ரல் குளோஸ்’ என்று அச்சாகியிருந்தது. மூடியிருக்கிறது என்று சொல்ல வந்து கடைசி ‘டி’யைக் கோட்டைவிட்டிருக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். பென்சிலால் அந்த ‘டி’யை நானே சேர்த்தேன். வெள்ளைக்காரன் புத்தகத்திலேயே பிழை கண்டுபிடித்த பெருமை வேறு. வகுப்பில் வரைபடத்தை விரித்துக் காட்டி, நான் போன சமயம் பேராலயத்தில் பழுது பார்க்கிற வேலை நடந்தது, வாசலில் பலகை வைத்து மூடிவிட்டார்கள், மழையில் நனைந்துகொண்டு திரும்பினேன் என்றேன். வருடத்துக்கு வருடம் மழை வலுத்தது. பாலத்துப் பக்கம் ஒரு டீக்கடையும் முளைத்தது. பிள்ளைகள் ‘உச்’ கொட்டும்போது நானும் சேர்ந்து கொட்டியிருக்கிறேன். அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

அப்படி உச் கொட்டியவர்களில் ஒருத்தி லைங் தாயாவில் துணி ஆலையில் தைத்துக்கொண்டிருந்தாள். ஆறு நாள் மெஷினில் உட்கார்ந்துவிட்டு ஏழாம் நாள் இரண்டு பஸ் மாறி வருவாள். இரண்டு வருடத்தில் ஒரு வகுப்பைத் தவறவிட்டதில்லை. இங்கிலாந்தில் முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. ஏஜென்ட் மூன்று ஊர் சொன்னாராம். “சயாமா நடந்த ஊரு ஒண்ணு அதுல இருந்துச்சு. அதையே கேட்டு வாங்கிட்டேன்” என்று சிரித்துக்கொண்டு வந்து நின்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? குடை வாங்கிக்கொள் என்று புத்தி சொன்னேன்.

அவள் போய் இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிறு மாலை, வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு வீடியோவில் கூப்பிட்டாள்.

“சயாமா, நான் எங்க நிக்கிறேன் பாருங்க. இன்னும் உள்ள போகல. அன்னிக்கு உங்களுக்கு மூடியிருந்துச்சே. அதான் மொதல்ல நீங்க பாருங்க, அப்புறம் நான் பாக்கறேன்.”

போனை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவ்வளவு உயரக் கூரையை நான் எதிர்பார்க்கவில்லை. கண்ணாடி ஜன்னலின் சிவப்பும் நீலமும் தரையில் விழுந்து கிடந்தன. செத்துப்போன பிரபுக்கள் கல்லறைமேல் கற்சிலையாகக் கைகூப்பிப் படுத்திருந்தார்கள். “டீக்கடையத்தான் காணோம் சயாமா. இழுத்து மூடிட்டாங்க போல” என்றாள். நான் ம் கொட்டினேன்.

தோளில் பட்டை அணிந்த வயதான அம்மா ஒருவர், வந்தவர்களுக்கு வழி சொல்கிறவர், அவளிடம் பேச்சுக் கொடுத்தார். நான் சொல்லிக்கொடுத்த ஆங்கிலத்தில் அவள் என் கதையைச் சொன்னாள். என் டீச்சர் யாங்கோனிலிருந்து இவ்வளவு தூரம் வந்தார், பாவம், மூடியிருந்தது. அந்த அம்மாவுக்கு விளங்கவில்லை. வேலை நடந்தாலும் ஒரு வாசலாவது திறந்திருக்கும், தினமும் பிரார்த்தனை உண்டே என்றார். இவள் விடவில்லை. வரைபடத்திலேயே போட்டிருக்கிறது, நானே பார்த்தேன் என்று எனக்காக வாதாடினாள். அந்த அம்மா சிரித்துவிட்டார். குளோஸ் என்றால் மூடியது இல்லை அம்மா, பேராலயத்தைச் சுற்றி வீடுகள் இருக்கிற வளாகத்துக்கு அதுதான் பெயர், என் வீடே அங்கேதான் இருக்கிறது என்றார்.

எல்லாம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. மற்ற நாளெல்லாம் விட்டுவிட்டு வரும் இன்டர்நெட் அன்றைக்கென்று ஒழுங்காக இருந்தது. அவள் முகம் திரையில் வந்தது. என்னைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்தாள்.

“யாபாதே சயாமா” என்றாள். பரவாயில்லை என்று அர்த்தம். “இந்தம்மா வேலைக்குப் புதுசு போல. அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.”

தலை முழுக்க நரைத்த மனுஷியைப் புதுசு என்கிறாள். எனக்காகச் சொல்கிறாள். அதன் பிறகும் ஒவ்வொரு ஜன்னலாகக் காட்டினாள், நானும் வெட்கமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போனை வைத்ததும் அவளுக்கு மெசேஜ் எழுத உட்கார்ந்தேன். அழித்து அழித்து எழுதியதில் மிஞ்சியது இவ்வளவுதான்: நான் அந்த ஊருக்கு வந்ததில்லை. இங்கிலாந்துக்கே வந்ததில்லை. சொன்னதெல்லாம் பொய். மன்னித்துக்கொள்.

பார்த்துவிட்டாள் என்று நீல அடையாளம் காட்டியது. மூன்று நாள் பதில் இல்லை. அந்த மூன்று நாளும் சோறு இறங்கவில்லை என்றால், அதுவும் கதை என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். நாலாம் நாள் வந்தது.

“வந்த புதுசுல வேலை முடிஞ்சு தனியா நடக்க ரொம்ப பயமா இருந்துச்சு. சயாமா தனியா நடந்த ஊருதானே, நமக்கென்னன்னு சொல்லிக்கிட்டேதான் தெனமும் நடந்தேன். இனிமே நானா நடந்துக்கறேன் அக்கா.”

அதுவரை ஒருநாளும் அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை. நெருக்கத்தில் வந்ததா, சயாமா என்ற மரியாதையைத் திருப்பி எடுத்துக்கொண்டாளா, தெரியவில்லை. கேட்கவும் எனக்கு முகமில்லை.