இரவல் கம்மல்

கூட்டாமல் குறைக்காமல் பேசுகிறவன் என்று எனக்குத் தோட்டத்தில் ஒரு பெயர் இருந்தது. தோட்டத்து ஆபீஸில் சின்னக் கிராணி என்ற குமாஸ்தா வேலைக்கு அதைவிடப் பெரிய தகுதி வேண்டியதில்லை. துரை ஆங்கிலத்தில் சொல்வதைத் தொழிலாளிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். தொழிலாளி அழுதாலும் ஏசினாலும் அதைத் துரைக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் அந்த வேலை பார்த்தேன். அதில் ஒரே ஒருநாள், ஒரு வாக்கை நானாகச் சேர்த்துச் சொன்னேன்.

ஜெர்மன் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். எங்கள் ரப்பர் தோட்டம் மலாயாவில், தெற்குப் பேராவில், சுங்காயிலிருந்து மாட்டு வண்டியில் அரைநாள் வழி. விடியுமுன் ஆட்களை நிறுத்தி வேலை பிரிப்பதைப் பெரட்டு என்போம். அந்தப் பெரட்டில் துரை ஒரு காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். பஸ்ராவில் பட்டாளத்துக்கு ரயில் பாதை போடவும் படகில் மூட்டை ஏற்றவும் ஆள் தேவை. போகிறவர்களின் குடும்பத்தைத் தோட்டம் கவனித்துக்கொள்ளும். அவர் சொன்னது அவ்வளவுதான்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. துரையின் முகம் சுருங்கியது. அவர் முகம் சுருங்கினால் எனக்குப் பொறுக்காது, அப்படி ஒரு அடிமைப் புத்தி. உடனே குரலை உயர்த்தி, "நீங்க திரும்பி வர்ற வரைக்கும் உங்க வீடு உங்க வீடாவே இருக்கும். வேற ஒருத்தன் வந்து கதவத் தொட மாட்டான். தொரை வாக்குக் குடுக்குறாரு" என்றேன். துரை அப்படி ஒரு வாக்கும் கொடுக்கவில்லை. அவருக்குத் தமிழும் தெரியாது. நான்கு பேர் முன்னால் வந்தார்கள். துரை என் தோளைத் தட்டினார். அன்று முழுக்க நான் மிதந்துகொண்டிருந்தேன் என்பதை எழுத இப்போது கை கூசுகிறது.

அந்த நால்வரில் ஒருவன் மூன்றாவது லயத்தில் ஏழாம் நம்பர்க்காரன். ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தடுத்த ஒற்றை அறைகள்தான் லயம். ஒவ்வொரு கதவிலும் கறுப்பு மையால் ஒரு நம்பர். அவன் எழுதப் படிக்கத் தெரியாதவன். புறப்படுமுன் என்னிடம் வந்து தோட்டத்தின் பெயர், லயம், நம்பர் எல்லாம் ஆங்கிலத்தில் எழுதி வாங்கி, மடித்து, மெழுகுத்துணியில் சுற்றிக்கொண்டான். "ஐயா, இந்தத் துண்ட யாருகிட்ட காட்டுனாலும் என்னைய இங்க கொண்டாந்து விட்ருவாங்கள்ல?" என்று கேட்டான். "கண்ண மூடிக்கிட்டு வந்து சேரலாம்" என்றேன். அவன் மனைவி அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி.

சண்டை முடிந்தது. ஒருவன் மட்டும் இடது கையில் மூன்று விரல் இல்லாமல் திரும்பி வந்தான். மற்ற மூவரைப் பற்றி அவனுக்குத் தெரியவில்லை. ஆளுக்கொரு படகில் ஏற்றிவிட்டார்கள், பிறகு பார்க்கவே இல்லை என்றான். கடிதம் இல்லை, சாவுச் செய்தியும் இல்லை. அந்த மூவரின் மனைவிமாரும் பால் மரம் வெட்டப் போனார்கள், வந்தார்கள். ரப்பர் விலை விழுந்து தோட்டமே தூங்கிய காலம் என்பதால் அவர்கள் வீட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

விலை ஏறியதும்தான் வந்தது வினை. பழைய துரை சீமைக்குப் போய்விட்டார். புதுத் துரை வந்தார். நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் கப்பலாகப் புது ஆட்கள் வந்து இறங்கினார்கள். தங்க இடமில்லை. ஆண் ஆள் இல்லாத வீடுகள் அடுத்த மாதக் கடைசிக்குள் காலியாக வேண்டும், அந்தப் பெண்கள் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள, தோட்டத்தின் இன்னொரு டிவிஷனுக்குப் போய் மற்றவர்களோடு சேர்ந்து இருக்கலாம், இல்லாவிட்டால் ஊருக்குக் கப்பல் ஏறலாம் என்று உத்தரவு போட்டார். அதைப் பெரட்டில் தமிழில் சொன்னவனும் நான்தான். அன்று கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

ஏழாம் நம்பர்க்காரி மத்தியானம் ஆபீஸ் பின்வாசலுக்கு வந்தாள். கையில் ரப்பர்ப் பால் வாடை. சேலையைப் பிடித்துக்கொண்டு, அப்பன் முகம் பார்க்காத ஏழெட்டு வயசுப் பெண் பிள்ளை.

"ஆத்துக்கு அந்தாண்ட போறதுல எனக்கு ஒண்ணுமில்லங்கய்யா. மரம் எங்க இருந்தாலும் மரந்தான். ஆனா அவரு வந்து ஏழாம் நம்பர் கதவத் தட்டுனா, வேற ஆம்பிள வந்து தொறப்பான். அப்ப அவரு என்னையப் பத்தி என்ன நெனைப்பாரு?"

நான் கையிலிருந்த கணக்குப் புத்தகத்தைப் புரட்டினேன்.

"வீடு வீடாவே இருக்கும்னு பெரட்டுல சொன்னீங்களேய்யா."

"தொரை சொன்னாரு, நான் சொன்னேன்" என்றேன். கூசாமல் வந்தது அந்தப் பொய்.

பொய்க்குப் பரிகாரமாகத்தான் மனு எழுதத் தொடங்கினேனோ என்னவோ. சண்டைக்குப் போனவர்களின் குடும்பங்களை விசாரிக்க ஈப்போவில் வெள்ளைக்காரர்கள் சிலர் ஒரு குழு வைத்திருந்தார்கள். அவர்கள் ஒரு கடிதம் போட்டால் புதுத் துரை தட்டமாட்டார். முதல் மனுவுக்கு, போனவர்கள் சிப்பாய்கள் அல்ல, கூலிகள் என்று பதில் வந்தது. மூட்டை தூக்கியவனுக்குக் குண்டு படாதா, காய்ச்சல் வராதா என்று இரண்டாவது மனுவில் கொஞ்சம் காரமாகவே எழுதினேன். பதில் இல்லை. மூன்றாவது மனுவுக்கு, பெண்களை நேரில் அழைத்து வா, பார்க்கிறோம் என்று வந்தது. மாதக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தது.

நான் லயத்துக்குப் போய் மூன்று பேரையும் நிறுத்திச் சொன்னேன். "பெரிய எடத்துக்குப் போறோம். கந்தையானாலும் கசக்கிக் கட்டணும். அழுக்கா வந்து நிக்கக் கூடாது." அதோடு விட்டிருக்க வேண்டும். விட்டேன்தான். ஆனால் நம் ஆட்களை நான் அறிந்திருக்க வேண்டும்.

மறுநாள் சுங்காய் ஸ்டேஷனில் அவர்களைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லயமே சேர்ந்து அலங்கரித்து அனுப்பியிருந்தது. ஏழாம் நம்பர்க்காரி காதில் கங்காணி மனைவியின் சிவப்புக்கல் கம்மல். மூக்கில், ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்க்கும் கிழவியின் மூக்குத்தி. உடம்பில் மளிகைக்கடை வீட்டு அரக்குச் சேலை. மற்ற இருவரும் அதே மாதிரி. தலை நிறையப் பூ.

"என்னம்மா இது, கல்யாணத்துக்கா போறோம்?" என்று கத்தினேன்.

"மூளியா போயி நின்னா அவுகளே முடிவு கட்டிருவாகய்யா, அவரு போயிட்டாருன்னு" என்றாள் அவள். "புருசன் இருக்குறவ எப்படி வரணுமோ அப்படி வந்துருக்கேன். கங்காணி வூட்டு அக்காதான் தன் கையால மாட்டிவிட்டாக."

கழற்றச் சொல்லியிருக்கலாம். ரயில் வந்துவிட்டது என்று இத்தனை காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரயில் வரக் கால் மணி நேரம் இருந்தது. நம் பெண்கள் இப்படி லட்சணமாக வந்து நிற்பதில் எனக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமைதான்.

ஈப்போவில் அந்த அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். நரைத்த மீசை வைத்த பழைய பட்டாளத்து அதிகாரி ஒருவர், தொப்பி வைத்த ஒரு துரைசாணி. ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்பு மலை வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. அதிகாரி எங்களை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தார். என் மனுவை ஒருமுறை பார்த்தார். பிறகு துரைசாணியிடம், "ஆதரவற்றவர்கள் என்று எழுதியிருக்கிறான். என் சமையல்காரன் பெண்டாட்டியிடம்கூட இவ்வளவு நகை கிடையாது" என்றார். காகிதத்தை மூடி ஓரமாகத் தள்ளினார்.

ஒன்றும் புரியாத மூன்று பெண்களும் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார்கள். நன்றாகத்தான் நடக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

நான் வாயைத் திறந்தேன். ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தக் கம்மல் இன்னாருடையது, இந்த மூக்குத்தி இன்னாருடையது, சேலை கடைக்காரர் வீட்டில் வாங்கியது, தோட்டம் திரும்பியதும் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்க வேண்டும், இவர்களுக்குச் சொந்தம் கழுத்தில் உள்ள மஞ்சள் கயிறு மட்டும்தான் என்றேன். பேசும்போது கை சும்மா இருந்திருக்கலாம். என் விரல் ஒவ்வொன்றாகச் சுட்டிக்கொண்டே போனது, சந்தையில் மாட்டுக்குச் சுழி காட்டுவதுபோல.

துரைசாணி எழுந்து வந்தாள். ஏழாம் நம்பர்க்காரியின் காதருகே குனிந்து அந்தக் கம்மலைப் பார்த்தாள். துரைசாணியின் கண் கலங்கியது. நல்ல மனசுக்காரிதான். இவள் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தாள். இவள் அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றாள்.

காரியம் பலித்தது. போனவர்களைப் பற்றி உறுதியான தகவல் கிடைக்கும்வரை அந்த வீடுகளைத் தொடக்கூடாது என்று துரைக்குக் கடிதம் போடுவதாக அதிகாரி சொன்னார். நான் வாசற்படி இறங்கும்போதே பெண்களிடம் சொன்னேன். மற்ற இருவரும் கும்பிட்டார்கள். ஏழாம் நம்பர்க்காரி முன்னால் நடந்தாள்.

திரும்பும் ரயிலில் தாப்பா ரோட்டைத் தாண்டியதும் அவள் கம்மலைக் கழற்றினாள், பிறகு மூக்குத்தியை. இரண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அங்க என்ன சொன்னீங்கய்யா?"

"ஒங்க கஷ்டத்தச் சொன்னேம்மா."

"இல்ல. உள்ள போறப்ப அந்தம்மா என் மூஞ்சியப் பாத்தாக. நீங்க பேசுனதுக்கப்புறம் என் காதப் பாத்தாக."

அதன் பிறகு சுங்காய் வரை அவள் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். வீடு நிலைத்தது. பெரட்டில் என்னைக் கண்டால் அவள் தலை குனிந்து போவாள். முன்பெல்லாம் "ஐயா, சாப்ட்டாச்சா" என்று கேட்பவள்.

ஏழாம் நம்பர்க்காரனைப் பற்றி மட்டும் உறுதியான தகவல் ஒன்றரை வருஷம் கழித்து வந்தது. துரைக்கு ஒரு படி, அவளுக்கு ஒரு படி. ஆபீஸில் வைத்து நான்தான் படித்துச் சொன்னேன். பஸ்ராவுக்கு மேலே ஆற்றுப் படகில் காய்ச்சல் கண்டு இறந்திருக்கிறான். குழந்தை தவழத் தொடங்குமுன்பே போயிருக்கிறான். நாங்கள் ஈப்போவுக்குப் போனபோது அவன் செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அவள் அழவில்லை. "அந்தத் துண்டு அவருகிட்ட இருந்துச்சான்னு எழுதிருக்காய்யா?" என்று மட்டும் கேட்டாள். எழுதியிருக்கவில்லை.

துரை அவருடைய படியைக் கோப்பில் வைத்தார். தகவல் கிடைத்துவிட்டதால் ஏழாம் நம்பர் மாதக் கடைசியில் காலியாக வேண்டும் என்றார். ஈப்போக் கடிதத்தில் இருந்தது அதுதான். அந்த நிபந்தனைக்கு அன்று தலையாட்டிவிட்டு வந்தவன் நான்.

அதைச் சொல்லத்தான் லயத்துக்குப் போனேன். அன்று சாவுச் சேதி வந்த பதினாறாம் நாள் என்பது எனக்கு மறந்துவிட்டது. தாலியைக் கழற்றி வாங்குமுன் ஒரு பெண்ணைக் கடைசியாக ஒருமுறை கல்யாணப் பெண்ணாக அலங்கரிப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். முகம் முழுக்க மஞ்சள், நெற்றியில் பெரிய பொட்டு, கை நிறையக் கண்ணாடி வளையல், தலையில் பூ. அதே அரக்குச் சேலை. காதில் அதே சிவப்புக்கல் கம்மல். கங்காணி மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். வாசலில் என் நிழல் விழுந்ததும் ஏழாம் நம்பர்க்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுவும் இரவல்தான்யா. தொரைகிட்ட சொல்லிருங்க."

பெண்கள் என்னைப் போகச் சொல்லிக் கையசைத்த பிறகுதான் நகர்ந்தேன். வந்த சேதியைச் சொல்லாமல் நேரே துரை பங்களாவுக்குப் போனேன். பழைய துரையின் பெயரால் நான் ஒரு வாக்குக் கொடுத்தேன், அவர் கொடுக்கவில்லை, நான் கொடுத்தேன், அதை நம்பித்தான் அவன் போனான் என்று சொன்னேன். வேலை போனால் போகட்டும் என்று இருந்தது. மற்றவர்கள் மானத்தை எடுத்துச் சொல்ல வந்த ஆங்கிலம், என் மானம் என்றதும் திக்கித் திக்கி வந்தது.

துரை பைப்பை வாயிலிருந்து எடுத்தார். கோபப்படவில்லை. "வாக்குக் கொடுத்தது நீ. உனக்குத் தோட்டம் மூன்று அறை வீடு கொடுத்திருக்கிறது. நீயே காப்பாற்று" என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "ஒங்க வாய் குடுத்த வாக்குக்கு என் அடுப்படியா?" என்று கேட்டாள். மறுநாள் காலையில் பின்னறையிலிருந்த அரிசி மூட்டையையும் விறகையும் அவளே இழுத்து வெளியே போட்டாள். பிறகு அவளே லயத்துக்குப் போய்த் தாயையும் பிள்ளையையும் கையோடு கூட்டி வந்தாள். நான் போய்க் கூப்பிட்டிருந்தால் வந்திருக்க மாட்டார்கள்.

நான்கு வருஷம் எங்கள் பின்னறையில் தனி அடுப்பு வைத்துக்கொண்டு இருந்தாள். என் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தபோது கூட இருந்து பார்த்தாள். என் மனைவியோடு கிணற்றடியில் சிரித்துப் பேசுவாள். ஆனால் அந்த நான்கு வருஷத்தில், எங்கள் அடுப்படியிலிருந்து ஒரு கை உப்புக்கூட அவள் இரவல் கேட்டதில்லை. ஏதாவது தீர்ந்துபோனால் அன்றைக்கு அது இல்லாமலே சமைத்தாள். மகளுக்கும் அப்படியே போட்டாள்.